பட்டுக்கூட்டுப் புழுவும் குளத்து மீனும்

பட்டு நெய்யும் அங்கத்தினர்கள் இழையின் விலையை நன்கு அறிவர். அவ்விழையை எடுத்தபின் எஞ்சும் புழுவைப் பற்றி எண்ணுவோர் சிலரே. கூட்டைக் கொதிநீரில் இட்டு இழை எடுக்கையில் உள்ளிருக்கும் கூட்டுப்புழு இறந்துபடுகிறது. அதனை நன்கு உலர்த்தினால் எடையில் ஏறத்தாழப் பாதி புரதமாகும். கடலைப் பிண்ணாக்கிற்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. தீனி இட்டு மீன் வளர்ப்போருக்குத் தீனிச் செலவே பெருஞ்செலவு ஆகையால், இச்செய்தி அவர்களுக்கு முக்கியமானது.

சீனத்தின் ஹூஜோ வட்டாரத்தார் நெடுங்காலமாகக் குளக்கரையில் முசுக்கொட்டை பயிரிடுகின்றனர். இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் எச்சமும் கூட்டுப்புழுவும் மீனுக்கு, குளத்தின் வண்டல் மீண்டும் செடிக்கு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017-இல் இம்முறையை உலக வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இச்சுழற்சியின் புதிய வடிவமே மீன்தொட்டி நீரில் மண்ணின்றிப் பயிர் வளர்ப்பது. மீன் கழிக்கும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்ற, அதனைச் செடி உண்கிறது. ஆயின் மீன் நெருக்கமாக வளரும் தொட்டியில் மின்சாரம் நின்று, காற்றும் நீரோட்டமும் சில மணி நேரம் தடைப்பட்டாலே மீன்கள் மடியும். அறந்தாங்கிப் பகுதியில் தொடங்குவோர் இதனைக் கடைசிப் படியாகக் கொள்வதே நலம் என்பது என் அபிப்பிராயம். குளத்து நீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சுவதும், கோடையில் உரிய அனுமதியுடன் கண்மாய் வண்டலை வயலுக்கு அடிப்பதும் நமக்குப் பழகிய வழிகளே.

கூட்டுப்புழுவில் கொழுப்பு மிகுதி. ஈரத்தோடு வைத்தால் விரைவில் சிக்கடிக்கும். ஆதலின் தாமதமின்றி உலர்த்தி, இடித்து, தவிடும் பிண்ணாக்கும் கலந்து இடவேண்டும். (நாற்றத்தைப் பற்றி அண்டை வீட்டாரிடம் முன்னரே சொல்லி வைப்பது நல்லது!) துளையிட்ட பையில் தீனியை நிரப்பிக் குளத்தில் நட்ட கழியில் கட்டித் தொங்கவிடலாம். மறுநாள் பையில் மிச்சம் இருப்பின் அளவைக் குறைக்க வேண்டும். தின்னாத தீனி அழுகி நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீனியை நிறுத்தி, புதுநீர் விடுக.

கூட்டிலிருந்து இழை எடுக்கும் தொழில் தருமபுரி போன்ற தொலைவிடங்களில் நடைபெறுவது. ஒருவர் ஒரு மூட்டைக்குச் சென்றால் வண்டிவாடகையே லாபத்தை விழுங்கும். சங்கம் மொத்தமாக வாங்கி எடைக்கணக்கில் பகிர்ந்தளிக்கலாம். அதற்கு முன்னர், வாடகையும் சேர்ந்து கிலோவுக்கு அடங்கும் விலையையும், உள்ளூர்ப் பிண்ணாக்கின் விலையையும் ஒரே தாளில் எழுதி நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும்.