மணலோடு வடக்கே ஒரு நாள்

நகரத்து மக்களுக்குக் கடல் என்றால் மெரினா. அங்கே கூட்டம் அலுத்துவிட்டால் மாமல்லபுரம். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பொன்னேரி. அங்கிருந்து பேருந்தில் சுமார் இருபது கிலோமீட்டர் சென்றால் பழவேற்காடு. ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். நம் கல்லூரிக்கு நாள்தோறும் அதே ரயிலில் வரும் நண்பர்களிலேயே பலர் பொன்னேரியைத் தாண்டிக் கிழக்கே போனதில்லை என்று அறிந்து வியந்தேன். ஆகவே இக்கட்டுரை.

வழி சொல்வது மட்டும் என் நோக்கமன்று. இந்தப் பாதை நெடுக, கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு பயணியும் நம்மோடு வடக்கு நோக்கி வருகிறார். சீட்டு வாங்காத அந்தப் பயணியின் பெயர் மணல்.

முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறத்தைச் சற்றே சாய்த்துத் தட்டினால், அரிசி மேலெழுந்து அதே இடத்தில் விழாமல் ஒவ்வொரு தட்டுக்கும் சிறிது பக்கவாட்டில் நகரும். கரையில் அலை செய்யும் வேலையும் அதுவே. காற்று தென்திசையிலிருந்து வீசும்போது அலை கரையைச் சாய்வாக வந்து மோதுகிறது. மணலை அந்தச் சாய்விலேயே மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஆக, ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் சற்றே வடக்கே இடம் பெயர்கிறது. நம் கரையில் ஏறத்தாழ மார்ச்சு முதல் அக்டோபர் வரை இந்த ஓட்டம் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின் போது தெற்கு நோக்கியும் இருக்கும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே மிகுதி. கரையோரமாக மணலாறு ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் ஆற்றின் குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? சென்னைத் துறைமுகமே அதற்கு விடை. 1875-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881-இல் வந்த புயல் கட்டியவற்றில் பெரும்பகுதியைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தக் கற்சுவர்களின் தெற்கே மணல் தங்கத் தொடங்கியது. நாம் சுண்டல் வாங்கித் தின்னும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு இவ்வாறு சேர்ந்ததுதான். தெற்கே தங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. திருவொற்றியூர்ப் பக்கம் கரையில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருப்பது அதனால்தான். ஒரு பக்கத்தின் அழகு மறுபக்கத்தின் இழப்பு என்பதை வடசென்னை நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ரயிலில் வலப்பக்க சன்னலோரம் உட்காருங்கள். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் எனக் கடல் அருகிலேயே இருந்தும் பெரும்பாலும் கட்டடங்கள் மறைத்துவிடும். உப்புக்காற்று மட்டும் வரும். எண்ணூர் தாண்டியதும் வண்டி ஒரு பாலத்தில் ஏறுகிறது. கீழே இருப்பது கொசத்தலை ஆறு. சோழவரத்துக்காரனான எனக்கு அது பழகிய ஆறு. காரனோடைப் பாலத்தில் அதைக் கடந்துதான் நான் கல்லூரிக்கு வருகிறேன். ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணலும் முட்செடியும்தான். மேலே 1944-இல் கட்டப்பட்ட பூண்டி அணை அதன் நீரைத் தேக்குகிறது. தாமரைப்பாக்கம் தடுப்பணை ஒரு பங்கை எங்கள் ஊர் ஏரிக்குத் திருப்புகிறது. அங்கிருந்து புழல் ஏரி வழியாக நகரத்தின் குழாய்களுக்குப் போகிறது. குடிநீர் வேண்டியதே. ஆனால் ஆற்று வெள்ளம் குறைந்தால் கடல்வாயில் சேரும் மணலைத் தள்ளிவிட ஆளில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பாலத்தின் கிழக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அவற்றுக்கும் அப்பால் 2001-இல் திறக்கப்பட்டு, 2014 முதல் காமராசர் பெயர் தாங்கும் எண்ணூர்த் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இங்கும் தெற்கே மணல் சேர்வதையும் வடக்கே கரை அரிபடுவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சென்னையில் நடந்த கதையின் இரண்டாம் பாகம் எனலாம்.

மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பிறகு பொன்னேரி. இறங்கிப் பழவேற்காட்டுப் பேருந்தைப் பிடியுங்கள்.

பழவேற்காட்டில் பலரும் முதலில் பார்ப்பது டச்சுக்காரர் கல்லறைகளை. வாயிலில் எலும்புக்கூடுகள் இரண்டு செதுக்கப்பட்டிருக்கும். 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டை கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரை இங்கிருந்தே சோழமண்டலக் கரைத் துணி வாணிகத்தை அவர்கள் நடத்தினார்கள். வரலாற்றுத் துறை நண்பர்கள் இதை என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் ஏரிக்குப் போகிறேன்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நீண்ட மணல்தீவில்தான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. ஏரி விரிந்து கிடந்தாலும் ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து அந்த ஆழமற்ற நீரில் நின்றுகொண்டே மேயும்.

இந்த ஏரி கடலோடு பேசும் வாய்தான் முகத்துவாரம். கடல் ஏறும்போது நீர் உள்ளே வருகிறது, இறங்கும்போது வெளியேறுகிறது. அந்த நீரோட்டத்தின் வேகமே வாயில் விழும் மணலை அப்புறப்படுத்துகிறது. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளமும் துணைக்கு வரும். கோடையில் ஆறு வற்றிவிடும். மணலோ தெற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். கொண்டுவரும் அலை வெல்லுமா, தள்ளும் நீர் வெல்லுமா என்பதுதான் போட்டி. ஏரி தூர்ந்து ஆழம் குறையக் குறைய, உள்ளே வந்து போகும் நீரின் அளவும் குறைகிறது. தள்ளும் கை தளர்கிறது. அலை வென்ற ஆண்டில் வாய் குறுகி அடைபட்டுவிடும்.

அடைபட்டால் என்ன என்று கேட்கலாம். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்ற நீரோடு ஏரிக்குள் வந்து, இரை தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கதவு மூடினால் குஞ்சு வராது. குஞ்சு வராவிட்டால் வலை காலி. ஏரியில் மீன்பிடிப்பதற்கு இங்கே 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலையிடலாம் என்று ஊர் கூடி முறை வகுத்துக் கொள்கிறார்கள். வலியவன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. இவ்வளவு நேர்மையான பங்கீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் பங்கிட ஏதேனும் இருக்க வேண்டுமே!

எங்கள் வகுப்பில் முதலாண்டு படித்த நண்பர் ஒருவர் அந்தக் குப்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். என்னைப் போலவே அவரும் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது அவர் வரவில்லை. தேடிப் போனேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தார். வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த அவர் தந்தை, "மொகத்துவாரம் தூந்துபோச்சி தம்பி. எறா இல்ல, நண்டு இல்ல. அவன் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது" என்றார். பாடப்புத்தகத்தில் அலையைப் பற்றிப் படித்தவை எல்லாம் அன்றுதான் எனக்கு உண்மையில் விளங்கின.

முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி வாயை நிலையாகத் திறந்து வைக்கும் திட்டத்தை அரசு கையில் எடுத்தது. மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்ததுதான் அது. என் கருத்தில் அது தேவை. ஆனால் சுவர் என்றால் சுவர்தான். தெற்கே சேரும் மணலை அவ்வப்போது வாரி வடக்குக் கரையில் போடாவிட்டால், மெரினா-திருவொற்றியூர்க் கணக்கு இங்கும் பலிக்கும்.

போகிறவர்களுக்கு ஒரு சொல்: உல்லாசப் படகில் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன் பின்னரே சவாரிக்குத் தடை வந்தது. வாயருகே நீரோட்டம் மேலே தெரியாது, உள்ளே இழுக்கும். பாலம் கடந்து கலங்கரை விளக்கத்துப் பக்கம் சென்று கரையில் நின்றே பார்க்கலாம். மணல்திட்டு எந்தப் பக்கத்திலிருந்து நீண்டிருக்கிறது என்று கவனியுங்கள். கோடையில் ஒன்றும் தை மாதத்தில் ஒன்றுமாக இருக்கும்.

இதை அளந்தும் பார்க்கலாம். பெரிய கருவி வேண்டாம். நான்கு மூங்கில் கோல், ஒரு நாடா போதும். மாதந்தோறும் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்குப் பொன்னேரிப் பேருந்து நிலையத்தில் நான் இருப்பேன். நண்பருக்கு அன்று விடுமுறை, அவரும் வருகிறார்.