கணிப்பொறித் தொகுதியில் குறிப்பேடும் மீட்பும்

வணிகர் கணக்கை முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர் பேரேட்டில் ஏற்றுவர். கணிப்பொறியின் கோப்பு முறையிலும் இவ்வொழுங்கே பின்பற்றப்படுகிறது. வட்டில் செய்யவேண்டிய மாற்றங்கள் முதலில் குறிப்பேட்டில் பதிவாகின்றன. பதிவு முற்றுப்பெற்ற பின்னரே உரிய இடங்களில் எழுதப்படுகின்றன. இடையில் மின்சாரம் நின்றுவிட்டால், முற்றுப்பெற்ற பதிவுகள் மீண்டும் நிறைவேற்றப்படும். அரைகுறைப் பதிவுகள் தள்ளப்படும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சி. மோகன், துணைவர்களுடன் 1992-இல் வெளியிட்ட 'ஏரீஸ்' எனும் தரவுத்தள மீட்பு முறைக்கும் இக்கொள்கையே அடிப்படையாகும்.

தாணேயில் ஓர் அலுவலகத்தில் மூன்று கணிப்பொறிகள் ஒரே வட்டைப் பகிர்ந்து பயன்படுத்துவதாகக் கொள்வோம். 2006-இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்ட 'ஜி.எஃப்.எஸ்.2' முறையில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிக் குறிப்பேடு உண்டு. ஒன்று எழுதும் கோப்பை அதே வேளையில் மற்றவை மாற்றாதவாறு பூட்டுகள் காக்கின்றன.

ஒரு கணிப்பொறியிலிருந்து மறுமொழி வராவிடில் என்ன செய்வது? அது நின்றுபோயிருக்கலாம், அல்லது தொடர்பு மட்டும் அறுந்து, இன்னும் வட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆகையால், முதலில் அதன் மின்சாரமோ வட்டுத் தொடர்போ துண்டிக்கப்படும். பின்னர், எஞ்சியவற்றுள் ஒன்று அதன் குறிப்பேட்டைப் படித்து வட்டைச் சீர்செய்யும். அதன்பின்னரே அதன் பூட்டுகள் விடுவிக்கப்படும். இவ்வரிசை மாறினால், இரு கணிப்பொறிகள் ஒரே இடத்தில் எழுதிக் கோப்புகள் சிதைந்துவிடக்கூடும்.

குறிப்பேடு பெரும்பாலும் கோப்புகளின் அமைப்பையே காக்கிறது. இறுதியாகத் தட்டச்சிட்ட வரிகளை அன்று. ஆதலின், கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.