கப்பல் உடைந்தால் யானை தாண்டு போகுமோ?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு லோஞ்சுக்காக நானும் என் பேத்தியும் காத்து நின்றோம். சோளகக் காற்றில் கடல் கொஞ்சம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பேத்தி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. நேரம் போக ஏதாவது சொல்லச் சொல்லி நச்சரித்தாள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கும் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன்.

அது 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் வெட்டுவித்த கட்டளை. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும் என்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறைதான். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மிச்சம் முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இதை வாசித்து 1963இல் வெளியிட்டார்.

பேத்தி கொஞ்ச நேரம் கடலையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மம்மா, கப்பல் உடைஞ்சா யானை தாண்டு போகாதோ? பிறகு என்னத்தைப் பங்கு போடுறது?"

எத்தனையோ பேர் அந்தக் கல்லைப் பற்றி எழுதியதை வாசித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

போர்த்துக்கேயர் காலத்தில் ஊர்காவற்றுறைக்கு 'யானைகளின் துறை' என்றே பெயர். அவர்களுடைய மொழியில் துறையைக் குறிக்கும் 'காயிஸ்' என்ற சொல்தான் பிறகு ஆங்கிலத்தில் 'கைற்ஸ்' ஆயிற்று. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்திக்கொண்டு வந்து இந்தப் பக்கத்துக் கடலில்தான் கப்பலேற்றினார்கள். நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகளை நீங்கள் இன்றும் பார்க்கலாம். யானை இந்தத் தீவுகளில் இல்லை.

இனி, பேத்தியின் கேள்விக்கு வருவோம். யானை தாண்டு போகாது. நன்றாக நீந்தும்! 2017 யூலையில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்கிளாய்க் கடலில் கடற்படையினர் ஒரு யானையைக் கண்டார்கள். களப்பைக் கடக்கும்போது நீரோட்டம் அதைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது. கரையிலிருந்து பல கிலோமீற்றர் தூரம். உடம்பு முழுக்க நீருக்குள்ளே, தும்பிக்கை நுனி மட்டும் வெளியே. சுழியோடிகள் கயிறு கட்டி, பல மணி நேரம் மெல்ல மெல்ல இழுத்து அதைக் கரை சேர்த்தார்கள். அதே மாதம் திருகோணமலைக் கடலிலும் இரண்டு யானைகளை இப்படிக் காப்பாற்றினார்கள்.

தும்பிக்கை ஒரு மூச்சுக்குழாய். இது கேட்க இலகுவாக இருக்கிறது, ஆனால் உண்மையில் மிகக் கடினமான வேலை. வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சொப்பிங் பைக்குள் கையை விட்டு, வாளித் தண்ணீரில் மெல்ல அமிழ்த்துங்கள், தண்ணீர் பைக்குள் போகாமல். பை நாலா பக்கமும் கையோடு ஒட்டி இறுக்கும். அதுதான் தண்ணீரின் அழுத்தம். இரண்டு மீற்றர் ஆழத்தில் அது ஒரு சதுர மீற்றருக்கு 2 தொன் பாரம் ஏற்றியதற்குச் சமம். அந்த ஆழத்தில் ஒருவர் நீண்ட பப்பாசிக் குழலால் மூச்சு எடுக்கப் பார்த்தால் முடியாது. நெஞ்சை வெளியிலிருந்து தண்ணீர் அமுக்கும். நுரையீரலுக்குள் இருப்பதோ மேலேயுள்ள சாதாரணக் காற்று. அமுக்கப்பட்ட இரத்தம், அழுத்தம் குறைந்த நெஞ்சுப் பக்கம் தள்ளும். அங்கேயுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் தாங்காது. (பிள்ளைகளே, குழலோடு கிணற்றிலோ குளத்திலோ இறங்கி இதைச் சோதிக்கவே கூடாது. வாளியோடு நில்லுங்கள்.)

யானை எப்படித் தாங்குகிறது? நமக்கும் நாய், பூனை, பசுவுக்கும் நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. இடையில் கொஞ்சம் திரவம். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் போல அவை வழுக்கும். யானைக்கு அந்த இடைவெளியே இல்லை. நார்போன்ற இழையம் அதை நிரப்பி நுரையீரலை நெஞ்சுக்கூட்டோடு ஒட்டி வைத்திருக்கிறது. இந்த விசித்திரம் 300 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்திருந்தும் காரணம் தெரியாமலே இருந்தது. 2001இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வெஸ்ட் என்ற மூச்சியல் அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார்: நீருக்கடியில் தும்பிக்கையால் மூச்சு விடும்போது மெல்லிய குழாய்கள் வெடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

அதற்கு இரண்டு வருடம் முன்னே, 1999இல், மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆபிரிக்க யானையின் கருக்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். யானை 22 மாதம் வயிற்றில் வளரும். இவை முதல் ஆறு மாதத்துக்குள்ளான கருக்கள். அவற்றின் சிறுநீரகத்தில் புனல் போன்ற நுண்ணிய குழாய் வாய்கள் இருந்தன. அவை நன்னீர் மீனுக்கும் தவளைக்கும் உரியவை. குட்டி ஈனும் வேறு எந்தப் பாலூட்டியிலும் அதற்கு முன் காணப்படாதவை. தும்பிக்கையும் கருவில் மிக முந்தியே முளைத்துவிடுகிறது. யானையின் முன்னோர் நீரில் வாழ்ந்தவை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். எகிப்தின் பையூம் பகுதியில் கிடைத்த மொரித்தேரியம் என்ற பழைய உறவின் பற்களை 2008இல் சோதித்தவர்களும், அது சுமார் 3 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆற்றிலும் சதுப்பிலும் காலம் கழித்தது என்றே கண்டார்கள். எனக்கு இந்தக் கருக்கதைதான் மிகவும் பிடிக்கும். பிறக்காத குட்டிக்குள் ஒரு பழைய ஆறு ஒளிந்திருக்கிறது.

"அப்ப யானைக்குச் சொந்தக்காரர் கடலிலையும் இருக்கினமோ?"

இருக்கினம், பிள்ளை. நாங்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு! யானையின் மிக நெருங்கிய உறவினங்களில் ஒன்று. ஆண் ஆவுளியாவுக்குச் சிறு தந்தம் உண்டு. தாய்க்குப் பால்மடி யானைக்குப் போலவே முன்னங்கால் பக்கத்தில், அதாவது துடுப்புக்கு அருகில் இருக்கும். மன்னார்க் கடலிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை அதற்கென்றே காப்பிடமாக அறிவித்தது. இலங்கையிலும் அதைக் கொல்வது சட்டப்படி குற்றம்.

ஆவுளியாவுக்குத் தும்பிக்கை இல்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை நீருக்கு மேலே நீட்டியே ஆக வேண்டும். வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் செத்துப்போகும். உங்கள் அப்பாவோ மாமாவோ தொழிலுக்குப் போகிறவராக இருந்தால் இதை இன்றைக்கே சொல்லுங்கள்: வலையில் ஆவுளியா பட்டால், வலை போனாலும் பரவாயில்லை, உடனே அறுத்து விடட்டும்.