எய்தவர் யார்?

1998 டிசம்பரில் ‘ஃபயர்’ திரைப்படம் ஓடிய மும்பை, டில்லிக் கொட்டகைகளில் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கினர் சிவசேனையினர். படம் செய்த குற்றம்? இரு பெண்களின் காதலைக் காட்டியதாம். இந்துப் பண்பாட்டுக்கு இழுக்காம்!

நொறுக்கிய கை குற்றக் கைதான். ஆனால், அந்தக் காதல் பாவமென்று அவர்கள் செவியிலே ஏற்றிய வாய்? கறைபட்ட நூலைக் கொடுத்துவிட்டுத் தைத்தவன்மீது மட்டும் பழிபோட்டால், குன்னத்தூர்ப் பனியன் தொழிலாளி ஒப்புவானா?

வயதுவந்தோர் மனமொத்த உறவு குற்றமல்ல என்று 2009இல் டில்லி உயர்நீதிமன்றம் கூறிற்று. எதிர்த்து உச்சநீதிமன்றம் ஏறியோரில் யார் யார்? முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறித்தவச் சபைகள், கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா! தம்முள் ஒட்டாதோர், இதிலே ஓரணி! அவர்கள் கல்லெறியவில்லை, வெறுப்புக்குச் சட்டத்தின் முத்திரை கேட்டனர். 2013இல் வென்றனர், 2018 செப்டம்பர் 6இல் தோற்றனர்.

“பக்தர் எல்லோரும் கல்லெடுக்கவில்லையே” என்பர். மெய்தான். ஏட்டிலே அன்பும் உண்டு, அருவருப்பும் உண்டு. எதை உரக்கப் படிப்பதென்று தேர்ந்தவர் போதகர். அந்தத் தேர்வுக்கு அவரே பொறுப்பு.

அம்பைத் தண்டிப்போம், எய்தவரையும் கேள்வி கேட்போம்!