வெள்ளியில் உருகிய வண்ணம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பூஜை அறைகளில் வெள்ளி விளக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் நீலமும் பச்சையுமாகப் பூக்களும் மயில்களும் மின்னும் பழைய எனாமல் விளக்கு அபூர்வம். அப்படி ஒன்று பாட்டியின் பெட்டியிலிருந்து வெளிவந்தால், பெரும்பாலும் அது வடக்கே செய்யப்பட்டதாகவே இருக்கும். மதராஸ் வெள்ளியின் அழகு வேறு வகை. 19ஆம் நூற்றாண்டில் மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் விற்ற 'சாமி' வெள்ளிச் சாமான்களில் தெய்வ உருவங்கள் தகட்டைத் தட்டிப் புடைப்பாக எழுப்பப்பட்டவை. வண்ணத்துக்கு அங்கே வேலையில்லை.

வண்ண வெள்ளிக்கு ஜெய்ப்பூர், லக்னோ, வாரணாசி ஆகிய ஊர்கள் பேர்பெற்றவை. மீனாகாரி என்பது அங்கே வழங்கும் பெயர். ஆமேர் மன்னர் மான்சிங் லாகூரிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்பது ஜெய்ப்பூர் மரபில் சொல்லப்படும் செய்தி.

எனாமலைப் பலரும் பெயின்ட் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது கண்ணாடி. கோபால்ட் சேர்ந்தால் நீலம், செம்பு சேர்ந்தால் பச்சை. ஒருவர் வடிவம் வரைவார், இன்னொருவர் வெள்ளியில் குழி செதுக்குவார், எனாமல் வேலை செய்யும் மீனாகார் அரைத்த கண்ணாடித் தூளை ஈரமாக அந்தக் குழிகளில் நிரப்புவார். பிறகு உலை. சுமார் 800 டிகிரி செல்சியஸில் தூள் உருகி வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். சுத்த வெள்ளி உருகுவது 962 டிகிரியில். செம்பு கலந்த வெள்ளி அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். வேலைக்காரர் கையில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். அதிகச் சூடு தாங்கும் வண்ணங்களை முதலில் சுட்டு, சிவப்பைக் கடைசியில் வைப்பார்கள். தங்கத்தில் ஜொலிக்கும் சிவப்பு வெள்ளியில் எளிதில் எடுப்பதில்லை. பழைய வெள்ளி வேலைகளில் நீலமும் பச்சையும் மேலோங்குவதற்கு இது ஒரு காரணம். வாரணாசிக்காரர்கள் வெள்ளை எனாமல் மேல் இளஞ்சிவப்பில் தீட்டும் 'குலாபி' வேலை தனி அழகு. 2021இல் பிரதமர் மோடி கமலா ஹாரிஸுக்குப் பரிசளித்த சதுரங்கக் காய்கள் அந்த வகை.

இத்தனை பாடுபட்டு வந்த பொருளை ஒரே நாளில் கெடுத்துவிடலாம். வருத்தம் தரும் விஷயம் இது. வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். அதைப் போக்க புளியோ எலுமிச்சையோ தேய்த்தால் அமிலம் எனாமலின் பளபளப்பை அரிக்கும். பட்டறையில் மெருகு போடக் கொடுத்தால் ஆசிட் குளியலும் பற்றவைப்புச் சூடும் காத்திருக்கின்றன. வெள்ளி சூட்டில் கண்ணாடியைவிட அதிகம் விரியும் என்பதால் எனாமல் கீறி, செதில் செதிலாக உதிரும். கொதிநீரும் வேண்டாம். மென்மையான பருத்தித் துணியால் வெள்ளிப் பகுதியை மட்டும் துடைப்பதே நல்லது. திரி ஏற்றியே தீர வேண்டுமென்றால், சுடர் வண்ணத்துக்கு அருகில் வராத சின்னத் திரியாக இருக்கட்டும்.

விற்கும் எண்ணம் இருந்தால் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள் தொல்பொருளாகவே கருதப்படும். வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக்கூடத் தனியார் அனுப்ப முடியாது.