ஒரு மில்லிமீட்டர் இடைவெளி

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ‘மூலம், பவுத்திரம்’ ஸ்டிக்கர் கண்ணில் படாமல் சென்ட்ரல் வந்து சேர்வது கடினம். சிப்காட் உருக்காலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு மலத்தில் ரத்தம் போனால், முதலில் நினைவுக்கு வருவது அந்த ஸ்டிக்கர்தான். உலைப் பக்கத்திலே வேலை, உடம்புச் சூடு என்று காரணமும் தயாராக இருக்கும். பல நேரம் அது வெறும் மூலமாகவே இருந்துவிடுவதுதான் சங்கடம். அந்தத் தைரியத்தில் மலக்குடல் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்துவிடுகிறது.

டாக்டரின் விரல், கொலனோஸ்கோப்பி, பயாப்சி என்று சென்ற வாரம் பார்த்தோம். இருப்பது புற்றுதான் என்று அவை சொல்லிவிடும். எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்ல எம்.ஆர்.ஐ. வேண்டும்.

மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு, அந்தக் கொழுப்பை மூடி ஒரு மெல்லிய உறை. குடலை அந்த உறையோடு சேர்த்து முழுதாக எடுத்தால், நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1982இல் எழுதினார் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர அறுவை மருத்துவர் பில் ஹீல்ட். அப்படியானால் கத்தியை எடுக்கும் முன்பே ஒன்று தெரிந்தாக வேண்டும்: புற்றுக்கும் உறைக்கும் நடுவே இடம் இருக்கிறதா? நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்க சி.டி. போதும். இந்த உறை விஷயத்தில் அது தடுமாறும். எம்.ஆர்.ஐ.யில் உறை மெல்லிய கருங்கோடாகத் தெரியும். கதிரியக்க மருத்துவர் ஜீனா பிரவுன் முன்னின்று நடத்திய ‘மெர்குரி’ ஆய்வு, 400க்கும் மேற்பட்ட நோயாளிகளின் படங்களை அறுவையில் எடுத்த குடலோடு ஒப்பிட்டு, இந்தக் கோட்டை நம்பலாம் என்று 2006இல் காட்டியது.

இடைவெளி ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ என்றால் நேராக அறுவைக்குப் போவதில்லை. முதலில் கதிர்வீச்சும் கீமோவும். புற்று ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, ஆசனவாய்ச் சுருக்குத்தசைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க நேருமா என்பது பெரிதும் அந்தத் தசையைப் பொறுத்தது. இவை எதுவும் இல்லாமல் ‘மலக்குடலில் கட்டி’ என்று ஒரு வரியில் முடிகிற ரிப்போர்ட்டுக்குச் செலவு செய்தது வீண் என்பேன். படத்தையும் புற்றின் சாய்வுக்குச் செங்குத்தாக, மெல்லிய அடுக்குகளாக எடுக்க வேண்டும். சாய்வு தப்பினால் குடல் சுவரின் அடுக்குகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும்; நோயின் கட்டத்தையே தப்பாகக் கணிக்க நேரும்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு பேச்சு. கட்டிங், கிரைண்டிங், வெல்டிங் செய்தவர்கள், கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டிருந்தால், ஸ்கேன் அறைக்குள் போகும் முன் சொல்லிவிடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கதையானாலும் சரி. 1986இல் அமெரிக்காவில் இப்படி ஒருவருக்கு, கண்ணுக்குள் மறைந்திருந்த துணுக்கைக் காந்தம் இழுத்து, ஒரு கண் பார்வை போனது. சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்கேன் முடிய அரை மணி, முக்கால் மணி ஆகும். இரைச்சல் பலமாக இருக்கும். ரோலிங் மில் பார்த்தவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது.

கதிர்வீச்சு முடிந்து சில வாரம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. கரைந்த புற்று விட்டுச்சென்ற தழும்பு கறுப்பாகத் தெரியும். மிச்சமிருக்கும் புற்று சாம்பல் நிறத்தில் நிற்கும். தழும்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு மிச்சத்தைப் பிரித்தறிவதுதான் கடினம். அதனால் விரல் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் கூடவே தேவை. மூன்றும் சுத்தம் என்றால், அறுவை செய்யாமல் காத்திருந்து கண்காணிக்கலாம் என்ற வழியைப் பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா திறந்துவைத்தார். அப்படி அறுவையைத் தவிர்த்த 71 பேரைப் பற்றிய அவரது கட்டுரை 2004இல் வந்தபோது பல அறுவை மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள்.

ஆனால் இந்த வழி, தவறாமல் திரும்பி வருகிறவருக்கு மட்டுமே. முதல் இரண்டு ஆண்டு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். கான்ட்ராக்ட் முடிந்ததும் ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ரயிலேறிவிடும் தொழிலாளியிடம் இதை எடுத்துச்சொல்லும் டாக்டர், பை வைக்க நேர்ந்தாலும் அறுவையே மேல் என்று முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பையோடு ஷிப்டுக்குப் போவது எப்படி என்பது அடுத்த வாரம்.