கருத்த கால்விரலும் கொரோனாவும்

பென்னாகரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தோலில் எது வந்தாலும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் என் கடைப் படியில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். சேற்றுப்புண், படர்தாமரை, பித்தவெடிப்பு என்று வழக்கமாக வருகிற கேள்விகளோடு 2020-க்குப் பிறகு புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது: "அண்ணா, விரல் கருத்துக் கிடக்குது. கொரோனாவால வந்திருக்குமா?"

செல்போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. இதே கேள்வியை உலகத்தின் பெரிய பெரிய தோல் டாக்டர்களும் கேட்டிருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் வடக்கு இத்தாலியின் லெக்கோ மருத்துவமனையில் 88 கொரோனா நோயாளிகளைப் பார்த்ததில் 18 பேருக்குத் தோலில் மாற்றம் இருந்தது. பெரும்பாலும் சிவப்புத் திட்டு. சிலருக்குக் காணாக்கடி போல் தடிப்பு. ஒருவருக்கு அம்மை போட்டதைப் போல் கொப்புளம். அடுத்து ஸ்பெயினில் கொரோனா உறுதியானவர்கள், சந்தேகத்துக்கு உரியவர்கள் என 375 பேரைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குக் கை கால் விரல்கள் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தன. பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், நோயும் லேசாக வந்து போனவர்கள். பத்திரிகைகள் இதற்கு 'கோவிட் டோ' என்று பெயர் வைத்தன.

அந்த வீக்கம் டாக்டர்களுக்குப் புதிதல்ல. குளிர்நாடுகளில் 'சில்பிளெய்ன்' என்று வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. பனி உறையும் அளவுக்குக் குளிர வேண்டியதில்லை. ஈரக் குளிர் போதும். விரல் நுனியில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். பிறகு சூடு படும்போது அவை சரியாக விரியாமல், சுற்றிலும் வீங்கி, அரிப்பும் எரிச்சலும் எடுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். நம் நாட்டில் காஷ்மீரிலும் இமாச்சலிலும் பார்க்கலாம். பென்னாகரத்தில் மார்கழி விடியலில் பல் கிட்டித்தாலும், பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். இங்கே இது அபூர்வம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. விரல் வீங்கிய பலருக்கு மூக்கில் சளி எடுத்துச் சோதித்தாலும், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடினாலும் கொரோனா வந்ததற்கான அடையாளமே கிடைக்கவில்லை. இளையவர்களின் உடம்பு 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளை வேகமாகச் சுரந்து வைரஸை முளையிலேயே விரட்டிவிடுகிறது, அந்த வேகம்தான் விரலின் ரத்தக் குழாய்களைத் தாக்குகிறது என்றார்கள் ஒரு சாரார். 2021-ல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனை ஆய்வும் இன்டர்ஃபெரானின் பங்கைச் சுட்டியது. மறு சாரார், ஊரடங்கில் வீட்டுக்குள் செருப்பில்லாமல், நடமாட்டமில்லாமல், சில்லிட்ட தரையில் பிள்ளைகள் கிடந்ததுதான் காரணம் என்றார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படி விரல் வீங்கிய 21 பேரில் 2 பேருக்கு மட்டுமே கொரோனா வந்து போன தடயம் கிடைத்தது. ஆக, சிலருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம். மற்றவர்கள் விஷயத்தில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கொரோனாவும் தோலும் பற்றி 2020-ல் வந்த கட்டுரைகளின் 130 படங்களை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜென்னா லெஸ்டர் குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள். மிகக் கருத்த தோலின் படம் ஒன்றுகூட இல்லை. வெள்ளைத் தோலில் செக்கச்செவேல் என்று தெரிவது நம் தோலில் கருநீலமாகவோ வெறும் கருப்பாகவோதான் தெரியும். செல்போன் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பதில் பயனில்லை.

இங்கே விரல் கருப்பதற்கு வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், கால் கட்டைவிரல் நுனி கருத்துப்போய் வந்தார். "கொரோனா வந்து போச்சுண்ணா, அதுலதான் இப்படி. ஒரு களிம்பு குடுங்க" என்றார். சட்டைப் பையில் பீடிக் கட்டு தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன்; ஒரு பாதம் கதகதப்பாக இருக்க, மற்றது சில்லென்றிருந்தது.

"நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதா?"

"ஆமாண்ணா, நின்னு நின்னுதான் போக வேண்டியிருக்கு."

களிம்பு கொடுக்கவில்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றைக்கே போகச் சொன்னேன். பீடி, சிகரெட்டால் கால் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் நோய் என்று அங்கே சொன்னார்கள். புகையை விட்டால்தான் கால் தப்பும் என்பதையும் சொல்லி அனுப்பினார்கள்.

சர்க்கரைக்காரர்களின் கதையும் இப்படித்தான். உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தியதே தெரியாமல் விரல் கருத்துவிடும். பரிசல் ஓட்டுகிறவர்களுக்கும், தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கும் விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறி நாற்றம் எடுத்தால் அது சேற்றுப்புண். சில்பிளெய்ன் பெரும்பாலும் இடுக்கில் வருவதில்லை, விரலின் மேல்பக்கத்தில்தான் வரும். கொரோனா கடுமையாகத் தாக்கியவர்களில் சிலருக்கு ரத்தம் உறைந்து விரல் செத்துப்போனதும் உண்டு. அது உயிர்ச் சிக்கல். பிள்ளைகளின் விரல் வீக்கத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது.

எல்லாவற்றுக்கும் 'அந்த வெள்ளை டியூப்' கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பல ஸ்டீராய்டு களிம்புகள். 2018-ல் மத்திய அரசு இவற்றில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தடவினால் அரிப்பு உடனே அடங்கும். உள்ளே படர்தாமரை பரவும், தோலும் மெலியும்.

விரல் வெறுமனே வீங்கி அரித்தால் ஈரம் படாமல் துடைத்து, காலுறை போட்டு, சொறியாமல் இருங்கள். நெருப்பில் காட்டாதீர்கள். விரல் மரத்துப்போனாலோ, புண்ணானாலோ, ஒரு கால் மட்டும் சில்லிட்டாலோ, சர்க்கரை இருந்தாலோ கொரோனாவா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். என் கடைக்கு சீட்டோடு வந்தால் போதும்.